வரவில்லை என்றொரு பெயர்

கப்பல் வரட்டும். அத்தை மட்டும் அதில் இல்லாமல் போகட்டும்.

நினைத்த மாத்திரத்தில் இகாய்ஹாவுவுக்குக் காது சுட்டது. அப்பாவின் அக்காவைப் பற்றி இப்படி நினைப்பது, போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று சோம்பல் முறிப்பதற்குச் சமம். மனதில் ஓடியது முகத்தில் தெரிந்துவிட்டதோ என்று எதிரே நின்றவரைப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. பிறந்து ஒன்பது நாளான தன் மகளின் பெயரை அந்தப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்ற கவலையில் அவர் இருந்தார்.

“அக்கா வச்சிட்டாங்க. நான் என்னம்மா பண்றது” என்றார்.

“என்ன பேருன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“குளிர்பெட்டி.”

பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் தும்முவதுபோல் ஏதோ செய்தார். இகாய்ஹாவு தலை நிமிராமல் எழுதினாள். அன்று என்ன நடந்தது என்று கேட்டாள். அவளுடைய பதிவேட்டில் அதற்கு இடம் கிடையாது. ஆனாலும் பதினோரு வருடமாக ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் சொன்னார். மனைவிக்கு வலி கண்ட அன்று காலையில்தான் அக்கா சிட்னியிலிருந்து அனுப்பிய குளிர்பெட்டி படகில் வந்து இறங்கியதாம். அதைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்ததாம். மனைவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட யாரும் மிஞ்சவில்லையாம். குழந்தை வீட்டிலேயே, அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, பிறந்துவிட்டது.

“நல்ல பேருதான். இவ இருக்கற வீட்ல எதுவும் கெட்டுப்போகாது” என்றாள் அவள்.

அவர் முதலில் சிரித்தார். அதன் பிறகுதான் அவளும் சிரித்தாள். அது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். பெயரைச் சுமந்து வருகிறவர் சிரிக்கும்வரை அவள் சிரிப்பதில்லை.

தீவு ஊரான நெயாஃபுவில் அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்காத பெயர் இல்லை. மழை, மழை விட்டது, சேறு என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஏழாவது பிள்ளைக்குப் போதும் என்று வைத்தார்கள். எட்டாவதற்கு இன்னொன்று என்று வைத்தார்கள். ஒன்பதாவதைப் பதிய வந்தபோது அந்தத் தகப்பன், மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு நின்றார். அவர் வருத்தம் தெரிவிக்கிறார் என்று நினைத்து இகாய்ஹாவு பரவாயில்லை என்றாள். அதுதான் பெயர் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. ஊருக்கு முதல் வானொலி வந்த நாளில் பிறந்த ரேடியோ என்ற கிழவருக்கு இப்போது இரண்டு காதும் கேட்பதில்லை. அதை எல்லோரிடமும் முந்திக்கொண்டு சொல்கிறவர் அவர்தான். காவல் நிலையத்தில் கதவைத்திற என்று ஒருவர் இருக்கிறார். யார் வீட்டுக்குப் போய் நின்றாலும், யாரது என்று உள்ளேயிருந்து கேட்டால், அவர் தன் பெயரைச் சொன்னாலே போதும்.

இவர்களையெல்லாம் நினைக்கும்போது அவளுக்கு ஒரு வியப்பு வரும். அலுவலகத்தில் மற்றவர்கள் மதியச் சாப்பாட்டின்போது பதிவேட்டைப் புரட்டி வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் அவர்களோடு சிரிப்பாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்கள் வேறுவிதமாக அவளோடு நடந்து வரும். ஒரு சேற்றையும், ஒரு குளிர்பெட்டியையும், போதுமென்ற ஓர் அலுப்பையும் எடுத்து, இது நடந்தது, இதை நான் மறைக்கப்போவதில்லை என்று ஒரு குழந்தையின் தலைமேல் வைத்துவிட எப்பேர்ப்பட்ட துணிச்சல் வேண்டும். இனிமையாக ஏதாவது வைத்துவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்.

அவளுடைய பெயருக்கு, வரவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது இகாய்ஹாவு என்பார். அவள் எழுந்து வந்திருக்கிறேன் டீச்சர் என்பாள். வகுப்பு ஒவ்வொரு காலையும் அதற்காகவே காத்திருக்கும். ஆறு வருடம் அதே சிரிப்பு. வீட்டில் அம்மா பெயரின் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள். அதற்கு வா என்று அர்த்தம். அம்மா வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டால் தெருவிலுள்ள நாய்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடி வரும். இப்போதும் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்கள் பதிவு செய்கிற அம்மா யார் என்று கேட்பார்கள். வாசலில் இருப்பவர் பெயரைச் சொல்வார். அப்படியானால் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள்.

யார் வரவில்லை என்பது வவாவு தீவு முழுக்கத் தெரியும். அவளுக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. வீட்டில் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அக்காவை விரும்பியவனைப் பற்றித் தம்பி இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. பன்னிரண்டு வயதில் ஒரு வகுப்புத் தோழி சொல்லித்தான் அவள் கேள்விப்பட்டாள். அம்மா லாவினியாவிடம் போய்க் கேட்டபோது அவள் முதலில் எட்டிப் பார்த்து, கணவர் தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பேசினாள்.

அத்தை பெலெனைசேக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஆக்லாந்தில் வேலை பார்த்த செமிசி என்பவன், வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலில் அப்பா அம்மாவோடு பாய்களும் கொண்டு பெண் கேட்டு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தான். ஆறு பன்றிகளை அடித்தார்கள். மண்ணடுப்பு மூன்று இடத்தில் எரிந்தது. அத்தை விசேஷத்துக்கு இடுப்பில் சுற்றும் புதுப் பாயைக் கட்டிக்கொண்டு துறைமுகத்தில் போய் உட்கார்ந்தாள். கப்பல் வந்தது. அவன் வரவில்லை. அதே சாயங்காலம் மேட்டு ஆஸ்பத்திரியில் லாவினியாவுக்குப் பெண் பிறந்தது. தம்பி குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டியவள் அக்கா. அப்பா ஃபிலிமோனே நேரில் போகவில்லை. அந்த நிலையில் இருக்கும் அக்கா முன்னால் தம்பி போய் நிற்க முடியாது. ஒரு சொந்தக்காரியை அனுப்பிக் கேட்டார். அத்தை இன்னும் துறைமுகத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொன்னாள். போனவள் அதை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை வைத்த பெயரை ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் அதை ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

வெந்துவிட்ட ஆறு பன்றிகளையும் குழந்தை பிறந்த விருந்தென்று ஊர் சாப்பிட்டுத் தீர்த்தது. மூன்று மாதம் கழித்து அத்தை ஆக்லாந்துக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தாள். செமிசியைத் தேடவுமில்லை, வேறு யாரையும் கட்டிக்கொள்ளவுமில்லை. சாவு வீடுகளுக்காக மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் எல்லோருக்கும் மேலான பாயில் உட்கார்ந்தாள், நல்ல துணிகளையெல்லாம் முதலில் பெற்றுக்கொண்டாள், இரண்டாம் நாள் திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது நான்காம் முறை வருகிறாள், இகாய்ஹாவுவின் கல்யாணத்துக்கு. அடுத்த வாரம் புதன்கிழமை.

அத்தை தொலைபேசியில் சொன்ன செய்தியை அம்மா இந்தத் திங்கட்கிழமையே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். சட்டியில் கிழங்கை உரித்துப் போட்டுக்கொண்டே, பெரிய பாரம் இறங்கிய குரலில் சொன்னாள்.

“உன் பேர மாத்தப் போறாங்களாம். அவங்க பேரையே உனக்குத் தர்றாங்களாம். வச்சவங்களே எடுத்துக்கறாங்க, நமக்கென்ன. கோயில்ல போதகர் பேரச் சொல்லிக் கூப்பிடறப்ப ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க.”

அவள் பதில் சொல்வதற்குள், அதுவரை முற்றத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிட்டார். அக்காவைப் பற்றிய பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும். பன்றிகளுக்கு அன்று மூன்றாம் முறையாகத் தீனி கிடைத்தது.

அம்மாவின் சந்தோஷம் அவளுக்குப் புரிந்தது. பெலெனைசே என்பது கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் வரும் பெயர். தன் பெயரையே கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை ஓர் அத்தையால் செய்ய முடியாது. பன்னிரண்டு வயதில் இது கிடைத்திருந்தால் அவள் முழங்காலில் நின்று வாங்கியிருப்பாள். இருபது வயதில்கூட வாங்கியிருப்பாள். முப்பத்து நான்கு வயதில் அது ஏன் தொண்டையில் முள்ளாக நிற்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பழக்கமா? பிடிவாதமா? வேடிக்கையான பெயர்க்காரி என்று ஊரில் கிடைக்கும் சின்னப் பெருமையா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் மூன்றையும் கழித்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெயர் சைக்கிள். பாசிகாலா என்று சொன்னால் அந்த ஊரில் அதுதான். படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு எண்ணெய் இருக்கும். அவன் பிறந்த வாரம் அவன் அப்பா கிராமத்தின் முதல் சைக்கிளை வாங்கியிருந்தார். அதை ஒரு சுற்று ஓட்டக் கேட்ட தன் அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அக்கா அதற்குப் பழிவாங்கிவிட்டாள் என்று அவனே சொல்வான்.

அந்த வாரப் புதன்கிழமை மாலை அவன் வந்தபோது வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

“பெலெனைசேயா? எங்க அம்மா, நீ கட்டிக்கறதாச் சொன்ன பொண்ணு எங்கடா, இது யாருன்னு கேப்பாங்க” என்றான். “எனக்கு வச்சவங்க பரவாயில்ல. பஞ்சர்னு வைக்காம விட்டாங்களே.”

அவள் சிரித்தாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். அந்த வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். தெரியவில்லை என்றாள் அவள். வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்று கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்.

அவன் வேலிக்கம்பத்தை ஆட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அத்தைகிட்ட மாட்டேன்னு சொன்ன ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அவங்க கோவிச்சுக்கிட்டு கல்யாணத்துல அந்த மேல்பாயில உக்காராமப் போய்ட்டா, நம்மது கல்யாணமே இல்லன்னு சொல்லுவாங்க. உங்க அப்பா தெருவுல நடக்க முடியாது. அதையும் யோசிச்சுக்கோ. நீ என்ன முடிவு பண்ணாலும் நான் வந்து நிப்பேன்.”

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. அத்தையும் வந்தாள்.

கனத்த உடம்பு, வெள்ளை ரவிக்கை, வெயிலுக்குப் பழக்கமற்றுப் போன கண்கள். பதினான்கு பெட்டிகள் பின்னால் இறங்கின. அவள் மருமகளின் கன்னத்தில் கன்னம் வைத்து மூச்சை உள்ளிழுத்தாள். வாடி பொண்ணே என்றாள். எப்போதும் அப்படித்தான். மூன்று சாவு வீடுகளிலும், எத்தனையோ தொலைபேசி அழைப்புகளிலும் அத்தை ஒரு முறைகூடத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது இகாய்ஹாவுவுக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் உறைத்தது. அத்தனை வருடமும் அதைச் செல்லம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை விருந்து. தேங்காய்ப் பாலில் கிழங்கிலையும் மாட்டுக்கறியும் பொதிந்து வெந்த பொட்டலங்களைப் பிரித்தார்கள். அத்தையை மேல்பாயில் உட்கார வைத்து முழுப் பன்றியை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா வழக்கம்போல் வெளியே, அடுப்பின் புகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா வழியில் தூரத்து உறவான ஒரு மாமா, கறியை வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சுவைத்துவிட்டு, இப்படி ஒரு பன்றிக்கறி சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று, கடைசியாக அந்த வருடம் சாப்பிட்டதுதான் என்றார்.

எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை. மாமாவின் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். அதற்குள் நான்கைந்து கண்கள் அத்தை பக்கம் திரும்பி, உடனே வேறு எங்கோ போய்விட்டன. அத்தையின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. கையில் இருந்ததை மெல்ல இலையில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டாள்.

இகாய்ஹாவு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். செம்பை வாங்கிய விரல்கள் வெளுப்பு மருந்தில் ஊறி ஊறித் தோல் தடித்துப் போயிருந்தன. அந்த இரண்டு வார்த்தையை மக்கள் தன்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்ததாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன்னைத் தாண்டி அது எங்கே போய் விழுந்துகொண்டிருந்தது என்று முதல் முறையாகக் கண்ணால் பார்த்தாள். மாற்றிக்கொள்வதுதான் இரக்கம் என்று அன்று படுக்கும்போது தோன்றியது. ஒரு கையெழுத்து. அந்தக் கை நிற்காமல் வாய்க்குப் போகும்.

சனிக்கிழமை முழுக்க அந்த முடிவோடுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் நின்று பாடும்போதும் அதே முடிவுதான். வரிசையில் தனக்கு வலப்பக்கம் நின்றவளின் பெயர் நிலநடுக்கம். மென்மையான குரல் அவளுக்கு. அவளுடைய அத்தை, வீடு இடிந்து மகனைப் பறிகொடுத்த அதே வாரத்தில், தம்பி மகளுக்கு அந்தப் பெயரை வைத்தாள். அதை நினைத்தபோது இகாய்ஹாவுவுக்குப் பாட்டில் ஒரு வரி தவறிப்போனது. நிலநடுக்கம் முழங்கையால் இடித்து நினைவூட்டினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அத்தை அலுவலகத்துக்கு வந்தாள். சொந்தக்காரி என்று முன்னால் வரவில்லை. வரிசையில் எல்லோருக்கும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முறைக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு மீனவன் இரட்டையர்களைப் பதிந்தான். ஒருவன் பெயர் வலை, மற்றவன் பெயர் கிழிந்தது. அன்று என்ன நடந்தது என்று இகாய்ஹாவு கேட்க, பெரிய சுறா ஒன்று வலையோடு போன கதையை அவன் கைகளை அகல விரித்துச் சொன்னான். கைகள் விரிய விரிய அலுவலகமே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். சிரிக்கும்போது முகத்தில் இருபத்து நான்கு வயது ஒரு நொடி வந்து போனதை இகாய்ஹாவு பார்த்தாள்.

முறை வந்ததும் அத்தை எழவில்லை. கால் வலிக்கிறது, நீ அங்கிருந்தே கேள் என்றாள். மற்றவர்கள் நாகரிகமாகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படிக்கத் தொடங்கினார்கள்.

“லாவினியா சொல்லியிருப்பா. எம்பேர எழுதிக்க. எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டு, போடறேன். புதன்கிழம போதகர் அந்தப் பேரத்தான் படிக்கணும்.”

இகாய்ஹாவு பேனாவை எடுத்தாள். சரி அத்தை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருந்தது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது. பதினோரு வருடப் பழக்கம்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு அத்தை?”

ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனால் அத்தையிடம் அதை யாரும் கேட்டதில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவரும். கோபப்படுவாள் என்று நினைத்த இகாய்ஹாவு விரல்களை மேசைக்கடியில் இறுக்கிக்கொண்டாள். அத்தை கோபப்படவில்லை. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

“எல்லாரும் எறங்கினாங்க. கடைசியா ஒருத்தர் மெத்தையச் சுருட்டித் தலையில வச்சுக்கிட்டு எறங்கினாரு. மெத்தைக்கு அடியில முகம் தெரியல. அவன்தான்னு எழுந்து நின்னுட்டேன். கிட்ட வந்தா, யாரோ.” அத்தை கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள். “அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாங்க. அடுத்த கப்பல்ல வருவான்னா ஒருத்தி. கடிதம் தொலைஞ்சிருக்கும்னா ஒருத்தி. காய்ச்சலா இருக்கும்னா இன்னொருத்தி. வரலன்னு மட்டும் யாரும் சொல்லல. வெந்த பன்னி வாசம் துறைமுகம் வரைக்கும் அடிக்குது, எல்லாருக்கும் தெரியுது, வாயத் திறக்க ஆளில்ல. அப்பத்தான் கொழந்தைக்கு என்ன பேருன்னு கேட்டு ஒருத்தி வந்தா. சொல்லிட்டேன்.”

“கோவத்துலயா?”

“கோவந்தான். வேறென்ன. பச்சப்புள்ள தலையில கொண்டுபோய் வச்சேன்.” குரல் தணிந்தது. “ஆக்லாந்துல கோயிலுக்குப் போனா நம்ம ஊர்க்காரங்க கேப்பாங்க, உன் மருமக எப்படியிருக்கான்னு. பேரச் சொல்லித்தான் கேப்பாங்க. கேட்டுட்டு எம்மூஞ்சியப் பாப்பாங்க. உன்னக் கூப்பிடறப்பல்லாம் என்னக் கூப்பிடறாங்கடி. புதன்கிழம அவரு அதப் படிச்சார்னா, ஊரே உன்னப் பாக்காது, மேல்பாயில உக்காந்திருக்கற என்னப் பாக்கும். என்னால முடியாது. அந்தப் பேரோட நீ நின்னா, நான் அங்க உக்கார மாட்டேன்.”

சுவரைப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மெல்ல வெளியே போய்விட்டார்.

இகாய்ஹாவு அந்தத் துறைமுகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் ஆறுதல் சொல்கிறவர்கள், ஆளுக்கொரு சின்னப் பொய்யோடு. நடுவே தன்னைவிடப் பத்து வயது சின்னவளான ஒருத்தி. எல்லோரும் கூசி ஒதுங்கிய அந்தச் சொல்லை அவள் மட்டும் எடுத்துச் சொன்னாள், வாழ்க்கையில் தனக்கென்று இருந்த ஒரே அதிகாரத்தை வைத்துச் சொன்னாள், போதகரின் புத்தகத்தில் ஏறும்படி சொன்னாள். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது அதுதான். தான் வாழ்நாளெல்லாம் சுமந்தது இன்னொருத்தியின் அவமானம் என்று ஊர் சொல்லியிருந்தது, அம்மாவும் நம்பியிருந்தாள், இதோ அத்தையும் நம்புகிறாள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண் தன் வாழ்நாளில் செய்த மிகத் தைரியமான காரியம் அது. அதை அழிக்கச் சொல்லி அவளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதே சமயம், இலையில் திரும்ப வைக்கப்பட்ட கறித்துண்டும் கண்முன் வந்தது. அந்த விரல்களும். அப்பா தெருவில் தலைகுனிந்து நடப்பதும், காலியான மேல்பாயும் வந்தன. எதுவும் எதையும் தள்ளிவிடவில்லை. எல்லாம் ஒன்றாகவே நின்றன. இவை எல்லாம் இருக்கும்போதே பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது.

பேனாவை மூடினாள். மேசையின் பக்கவாட்டுத் தடுப்பைத் தூக்கி வெளியே வந்தாள். பெஞ்சின் முன்னால், அத்தையின் செருப்புக்கு அருகே, தரையில் கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்தாள். அவள் தலை அத்தையின் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

“எழுந்திரிடி, ஆபீஸ்ல” என்றாள் அத்தை.

அவள் எழுந்திருக்கவில்லை.

“எந்தப் பாய் யாருக்கு, எந்தத் துணி யாருக்கு, எல்லாம் நீங்க சொல்றபடிதான் அத்தை. முடிய வெட்டிக்கன்னு சொன்னாலும் இப்பவே வெட்டிக்கறேன். உங்க பேரு எனக்குத் தர்றீங்களே, அது எவ்வளவு பெருசுன்னும் தெரியும்.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ஆனா அன்னைக்கு அத்தன பேர்ல ஒருத்திதான் உள்ளத உள்ளபடி சொன்னா. அவ சொன்னது எங்கிட்ட இருக்கு. அதத் திருப்பித் தர முடியாது.”

“நான் உக்கார மாட்டேன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

வெளியே வலைக்காரன் யாரிடமோ தன் சுறாவை மறுபடியும் அளந்துகொண்டிருப்பது கேட்டது. இகாய்ஹாவு அத்தையின் பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“மேல்பாய் விரிச்சிருக்கும் அத்தை. வேற யாரையும் அதுல உக்கார வைக்க மாட்டேன்” என்றாள். “பேரு மட்டும் வேண்டாம்.”